பூ, தலை, பொன் விகிதம்: மூன்று கணிதத் துறைகள் கூடும் இடம்

கேள்வி இதுதான்: எம்.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவர், பிஎச்.டி.க்கு இயற்கணிதத்தை எடுப்பதா, இயங்கு அமைப்புகளை எடுப்பதா, நிகழ்தகவை எடுப்பதா என்று குழம்பியிருக்கிறார். "மூன்றும் சேரும் இடத்தில்தான் இப்போது ஆராய்ச்சி சூடாக நடக்கிறது என்கிறார்கள். அங்கே உண்மையில் என்ன செய்கிறார்கள்? மூன்றும் வேறு வேறு பாடங்கள்தானே?" என்று கேட்டிருக்கிறார்.

துறைப் பெயர்களை அடுக்கினால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் கேள்வி புரியும். 1930களில் தொடங்கியது, இன்னும் முடியவில்லை. 2014க்குப் பிறகு திடீரென்று வேகம் பிடித்தது. மூன்று பாடங்களையும் வேறு வேறாக வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைத் தொடவே முடியாது. அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் 1 அடி வலப்பக்கம், பூ விழுந்தால் 1 அடி இடப்பக்கம் நகருங்கள். மறுபடி சுண்டுங்கள். இந்த முறை அடியின் நீளம் கொஞ்சம் சுருங்குகிறது. எவ்வளவு சுருங்குகிறது என்பதை ஓர் எண் சொல்லும், அதற்கு லாம்டா என்று பெயர். லாம்டா 0க்கும் 1க்கும் நடுவில் இருக்கும். முதல் அடி 1, அடுத்தது லாம்டா, அப்புறம் லாம்டா², லாம்டா³ என்று தேய்ந்துகொண்டே போகும். முடிவில்லாமல் சுண்டிக்கொண்டே போனால் ஏதோ ஓரிடத்தில் போய் நிற்பீர்கள். எங்கே நிற்பீர்கள் என்பது தற்செயல். ஆனால் அந்தத் தற்செயலுக்கு ஒரு பரவல் உண்டு. எந்த இடத்தில் நிற்க எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சொல்லும் பரவல் அது. பெர்னூலி சுருளல் என்று தமிழில் சொல்லலாம். சுருளல் என்ற சொல் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், நாணயப் பரவல் என்றே சொல்வோம்.

கேள்வி: அந்தப் பரவல் வழுவழுப்பாக, கோட்டின் மேல் மாவு தூவியது போல் அடர்த்தியோடு இருக்குமா? அல்லது மொத்த நீளம் சுழியாக உள்ள ஒரு தூசிக் கூட்டத்தின் மேல் முழு வாய்ப்பும் போய்க் குவிந்துவிடுமா?

லாம்டா 1/3 என்று வைத்துப் பாருங்கள். முதல் சுண்டலில் தலை விழுந்தால் 1இல் நிற்கிறீர்கள். மீதி அடிகள் எல்லாமே பூவாக விழுந்தாலும் 1/3 + 1/9 + 1/27 என்று கூட்டி மொத்தம் அரை அடிதான் பின்னால் போக முடியும். ஆக 0.5க்கு இந்தப் பக்கம் வரவே முடியாது. பூ விழுந்திருந்தால் −0.5ஐத் தாண்டி அந்தப் பக்கம் போக முடியாது. நடுவில் ஓர் அடி அகலத்துக்கு ஓட்டை. ஒவ்வொரு சுண்டலிலும் இதே கதை சிறிய அளவில் திரும்ப நடக்கும். ஓட்டைக்குள் ஓட்டையாகப் போய்க் கடைசியில் மிஞ்சுவது கேன்டர் கணம், அதன் நீளம் சுழி. லாம்டா பாதிக்குக் குறைவாக இருந்தால் எப்போதும் இப்படித்தான். சரியாக 1/2 என்றால் −2 முதல் 2 வரை ஒரே சீரான பரவல் வரும். அது எண்களை இரும முறையில் (பைனரியில்) எழுதுவதுதான், வேறொன்றுமில்லை.

பாதியைத் தாண்டினால்தான் சிக்கல். லாம்டா 0.618 என்றால், தலையில் தொடங்கியவர் −0.618 முதல் 2.618 வரை எங்கும் போகலாம். பூவில் தொடங்கியவர் −2.618 முதல் 0.618 வரை. நடுவில் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் படிகிறார்கள். ஓட்டை கிடையாது. அப்படியானால் பரவலும் நிரவி, அடர்த்தியோடு இருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 1935இல் யெஸ்ஸனும் வின்ட்னரும் ஒன்றை நிரூபித்திருந்தார்கள்: பரவல் முழுக்க அடர்த்தியுள்ளதாக இருக்கும், இல்லையென்றால் முழுக்கத் தூசியாக இருக்கும், பாதிக்குப் பாதி என்பது நடக்காது. நான்கு ஆண்டு கழித்து, 1939இல், பால் ஏர்டிஷ் ஓர் அதிர்ச்சி கொடுத்தார். லாம்டா பொன் விகிதத்தின் தலைகீழாக (அதுதான் இந்த 0.618) இருந்தால் பரவல் தூசி. ஓட்டையே இல்லாத இடத்தில் தூசி.

ஏன் என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். இந்தக் கணக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

பொன் விகிதத்தின் தனிச்சொத்து ஒரு சமன்பாடு: 1 = லாம்டா + லாம்டா². நாணயத்தோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். தலை, பூ, பூ என்று விழுந்தால் 1 − லாம்டா − லாம்டா², அதாவது சுழி. பூ, தலை, தலை என்று விழுந்தாலும் சுழி. இரண்டு வெவ்வேறு வரலாறுகள் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன, கிட்டத்தட்ட அல்ல, மிகத் துல்லியமாக. மூன்று சுண்டலில் 8 வரலாறு உண்டு, ஆனால் இடம் 7தான். நான்கு சுண்டலில் 16 வரலாறு, 12 இடம். இந்த எண்ணிக்கை ஃபிபொனாச்சி எண்ணில் ஒன்றைக் கழித்ததாக வரும். பத்துச் சுண்டலில் 1024 வரலாறு 232 இடத்தில் நெருக்கியடிக்கிறது. இருபது சுண்டலில் 10,48,576 வரலாறுக்கு 28,656 இடம். நாணயம் ஒவ்வொரு முறையும் ஒரு பிட் தகவல் தருகிறது, இந்தச் சமன்பாடு அதில் ஒரு பகுதியை விழுங்கிக்கொள்கிறது.

எவ்வளவு விழுங்குகிறது என்று கணக்கிடலாம். ஒவ்வொரு சுண்டலிலும் அடி 0.618 மடங்கு சுருங்குகிறது, அதனால் கோட்டை முழுக்க நிரப்ப ஒரு சுண்டலுக்கு சுமார் 0.694 பிட் தேவை. விழுங்கியது போக மிஞ்சுவது சுமார் 0.691 பிட் (இப்படி எண்ணும் தகவலுக்கு என்ட்ரோபி என்று பெயர்). எவ்வளவு சின்ன வித்தியாசம் பாருங்கள்! மிஞ்சியதைத் தேவையால் வகுத்தால் பரவலின் பரிமாணம் (கோட்டை எவ்வளவு நிரப்புகிறது என்பதன் அளவு) 0.9957 என்று வரும். அலெக்சாண்டரும் சகியரும் 1991இல் இதை நிறைய தசம இடங்களுக்குக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். 1க்கு ஒரு மயிரிழை குறைவு. அந்த மயிரிழைதான் தூசிக்கும் மாவுக்கும் உள்ள வேறுபாடு.

ஏர்டிஷ் இப்படித் தகவலை எண்ணவில்லை, வேறு வழியில் போனார். அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வழியில்தான் நம்மூர்க்காரர் ஒருவர் நிற்கிறார். பரவலின் ஃபூரியே உருமாற்றத்தை எழுதினால் அது கொசைன்களின் முடிவில்லாப் பெருக்கலாக வரும். ஒவ்வொரு சுண்டலுக்கும் ஒரு கொசைன். பரவலுக்கு அடர்த்தி இருந்தால், அதிர்வெண் பெரிதாகப் பெரிதாக இந்தப் பெருக்கல் சுழியை நோக்கிப் போயாக வேண்டும். இது ரீமான், லெபேக் இருவர் பெயரிலும் உள்ள பழைய தேற்றம், நீங்களும் படித்திருப்பீர்கள். ஏர்டிஷ் அதிர்வெண்ணாக எடுத்தது பை பெருக்கல் பொன் விகிதத்தின் அடுக்குகள்.

கால்குலேட்டரை எடுத்து 1.6180339887இன் அடுக்குகளைப் போட்டுப் பாருங்கள். ஐந்தாம் அடுக்கு 11.090. பத்தாம் அடுக்கு 122.992. பதினைந்தாம் அடுக்கு 1364.0007. இருபதாம் அடுக்கு 15126.99993. முழு எண்களை இழுத்துப் பிடித்துக்கொண்டே போகிறது. நான் மாணவனாக இருந்தபோது இதை முதன்முதலில் செய்து பார்த்த மாலை இன்னும் நினைவில் இருக்கிறது. முப்பதாம் அடுக்கு வரை நிறுத்தாமல் தாளில் எழுதிக்கொண்டே போனேன். முழு எண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தால், பையால் பெருக்கிக் கொசைன் எடுக்கும்போது அளவில் 1க்கு ஒட்டியே வரும். பத்தாம் அடுக்குக்கு 0.9997. இப்படி 1ஐ ஒட்டிய எண்களைப் பெருக்கிக்கொண்டே போனால் பெருக்கல் சுழிக்குப் போகாது, ஓரிடத்தில் நின்றுவிடும். சுழிக்குப் போகவில்லை என்றால் அடர்த்தி இல்லை. முடிந்தது.

ஏன் முழு எண்ணை ஒட்டுகிறது? பொன் விகிதத்தின் சமன்பாட்டுக்கு இன்னொரு மூலம் உண்டு: −0.618. இரண்டு மூலங்களின் அதே அடுக்கைக் கூட்டினால் எப்போதும் முழு எண் வரும். இரண்டாவது மூலம் அளவில் 1க்குக் குறைவு என்பதால் அதன் அடுக்கு தேய்ந்து மறைந்துவிடுகிறது, முதல் மூலம் தனியாக முழு எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிறது. 1ஐவிடப் பெரிய ஓர் இயற்கணித முழு எண் (முதல் கெழு 1, மற்ற கெழுக்கள் முழு எண்கள் என்றுள்ள சமன்பாட்டின் மூலம்), அதன் மற்ற எல்லா மூலத் தோழர்களும் (அதே சமன்பாட்டின் மற்ற மூலங்கள்) அளவில் 1க்குக் கீழே: இப்படிப்பட்ட எண்களுக்குப் பீசோ–விஜயராகவன் எண்கள் என்று பெயர். பி.வி. எண் என்றும் சொல்வார்கள். இவற்றில் மிகச் சிறியது 1.3247 சொச்சம், மும்மடி தன்னோடு 1 கூட்டியதற்குச் சமமாகும் எண். ஏர்டிஷின் வாதம் 2க்குக் கீழே உள்ள எல்லா பி.வி. எண்களின் தலைகீழுக்கும் பொருந்தும்.

அந்த விஜயராகவன், திருக்கண்ணபுரம் விஜயராகவன் (1902–1955). தமிழ்நாட்டுக்காரர். 1920களில் ஆக்ஸ்ஃபோர்டில் ஹார்டியிடம் வேலை செய்தவர், அலிகரில் பிரெஞ்சுக் கணிதர் ஆந்த்ரே வெய்யின் நண்பர், அழகப்பச் செட்டியார் 1950இல் சென்னையில் தொடங்கிய ராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநர். ராமானுஜனைத் தெரிந்த அளவுக்கு நம் பிள்ளைகளுக்கு இவரைத் தெரியவில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. உலகம் முழுக்க இந்தத் துறைக் கட்டுரைகளில் முதல் பக்கத்திலேயே வரும் பெயர் இது.

சரி, மூன்று துறைகள் எங்கே என்று இப்போது பாருங்கள். நாணயமும் பரவலும் நிகழ்தகவு. எந்த எண் எந்தச் சமன்பாட்டுக்கு மூலம், அதன் தோழர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது இயற்கணிதம். இயங்கு அமைப்பு? இரண்டு விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, இருக்கும் இடத்தை லாம்டாவால் பெருக்கி 1 கூட்டு. மற்றொன்று, லாம்டாவால் பெருக்கி 1 கழி. நாணயம் சொல்வதற்கேற்ப இந்த விதிகளைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே போனால், நெடுங்காலத்தில் நிலைபெறும் பரவல் எதுவோ அதுதான் நம் நாணயப் பரவல். விதியை ஒரு முறை செய்த பின்னும் மாறாத பரவல், அதாவது தன் சிறிய நகல்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் மறுபடி தானே கிடைக்கும் பரவல். என்ட்ரோபி, பரிமாணம் என்று மேலே நான் சொன்ன எண்ணமெல்லாம் இயங்கு அமைப்புக்காரர்களின் கருவிகள். தகவலை ஒவ்வோர் அளவுகோலிலும் தனித்தனியாக எண்ணும் பழக்கம் அவர்களிடமிருந்து வந்ததுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்த இரண்டு விதிகளை மாறி மாறிச் சேர்த்தால் கிடைக்கும் எல்லாச் செயல்களையும் ஒன்றாகப் பார்த்தால் ஒரு அரைக்குலம் (செமிகுரூப்). தலை-பூ-பூ, பூ-தலை-தலை இரண்டும் ஒரே செயலைத் தருகின்றன என்றால், அந்த அரைக்குலத்தில் ஓர் உறவு இருக்கிறது, அது சுதந்திரமானது அல்ல என்று பொருள். "பரவல் தூசியா?" என்ற நிகழ்தகவுக் கேள்வியின் அடியில் "இந்த அரைக்குலம் சுதந்திரமானதா?" என்ற இயற்கணிதக் கேள்வி படுத்திருக்கிறது.

இனி வரலாற்றைக் கொஞ்சம் வேகமாக ஓட்டுகிறேன். 1944இல் ரஃபேல் சலேம், ஃபூரியே உருமாற்றம் சுழிக்குப் போகாமல் நிற்பது பி.வி. எண்களில் மட்டும்தான் என்று காட்டினார். ஆக ஏர்டிஷின் தந்திரம் வேறெங்கும் பலிக்காது. 1962இல் கார்சியா, அடர்த்தி கண்டிப்பாக உண்டு என்று சொல்லத்தக்க சில எண்களைக் கையில் எடுத்துக் கொடுத்தார். 2இன் வர்க்கமூலத்தின் தலைகீழ் அதில் ஒன்று. 1995இல் போரிஸ் சோலோம்யாக், பாதிக்கும் 1க்கும் நடுவில் உள்ள கிட்டத்தட்ட எல்லா லாம்டாவுக்கும் அடர்த்தி உண்டு என்று நிரூபித்தார். "கிட்டத்தட்ட எல்லா" என்பதற்குக் கணிதத்தில் துல்லியமான பொருள் உண்டு: விதிவிலக்குகளின் மொத்த நீளம் சுழி. ஆனால் இந்தத் தேற்றத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 0.7ஐக் காட்டி "இதற்கு உண்டா?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. கூட்டத்தில் அநேகமாக எல்லோரும் நல்லவர்கள் என்று தெரியும், எதிரில் நிற்பவர் நல்லவரா என்று தெரியாது. அந்த நிலை.

2014இல்தான் காற்று மாறியது. ஜெருசலேமைச் சேர்ந்த மைக்கேல் ஹாக்மன் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் அடிக்கரு இது: ஒரு பரவலை இன்னொன்றோடு கூட்டும்போது என்ட்ரோபி கூடவே இல்லை என்றால், அந்தப் பரவல்களுக்கு மிகக் கறாரான வடிவம் இருந்தாக வேண்டும். இந்த எண்ணம் வந்தது கூட்டல் சேர்வியலில் இருந்து, எண்களின் தொகுதிகளைக் கூட்டினால் எவ்வளவு பெருகும் என்று பார்க்கும் துறை அது. ஹாக்மன் அதை என்ட்ரோபி மொழிக்கு மாற்றினார். விளைவு: பரிமாணம் 1க்குக் கீழே இறங்க வேண்டுமானால், வரலாறுகள் ஒன்றன்மேல் ஒன்று துல்லியமாகப் படிய வேண்டும், அல்லது வியப்பூட்டும் அளவுக்கு, எந்த அடுக்குக்குறி வேகத்தையும் மிஞ்சி, நெருங்கி வர வேண்டும். விதிவிலக்கான லாம்டாக்களின் தொகுதிக்கு நீளம் மட்டுமல்ல, பரிமாணமே சுழி. அதே ஆண்டு பாப்லோ ஷ்மெர்கின், அடர்த்தி இல்லாத லாம்டாக்களுக்கும் இதே முடிவைக் கொண்டுவந்தார்.

ஹாக்மனின் தேற்றத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி, இயற்கணித எண்களுக்கு அது தரும் நேரடியான விடை. லாம்டா இயற்கணித எண் என்றால், பரிமாணம் என்பது மிஞ்சிய தகவலைத் தேவையான தகவலால் வகுத்தது (1ஐத் தாண்டினால் 1). பொன் விகிதத்துக்கு மேலே நாம் செய்த அதே வகுத்தல். லாம்டா 2/3 என்று வையுங்கள். −1, 0, 1 என்ற கெழுக்கள் மட்டும் உள்ள எந்தப் பல்லுறுப்புக்கோவைக்கும் 2/3 மூலமாக இருக்க முடியாது. விகிதமுறு மூலத் தேற்றம் போதும், ஒரு வரியில் நிரூபிக்கலாம். ஆக வரலாறுகள் மோதுவதே இல்லை, ஒரு பிட்டும் வீணாகவில்லை, பரிமாணம் 1.

விஞ்சிய எண்களுக்கு (முழு எண் கெழுக்கள் உள்ள எந்தப் பல்லுறுப்புக்கோவைக்கும் மூலமாகாத எண்களுக்கு)? இங்கே கேம்பிரிட்ஜின் பீட்டர் வார்யு வருகிறார். 2019இல் அவர் நிரூபித்தது: பாதிக்கும் 1க்கும் நடுவில் உள்ள ஒவ்வொரு விஞ்சிய லாம்டாவுக்கும் பரிமாணம் 1. கிட்டத்தட்ட அல்ல, ஒவ்வொன்றுக்கும். வழி இப்படி: ஒரு விஞ்சிய எண்ணில் பரிமாணம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த எண்ணுக்கு மிக மிகப் பக்கத்தில், பரிமாணம் இறங்கும் இயற்கணித எண்கள் வரிசையாக இருந்தாக வேண்டும் என்று அவரும் எமானுவேல் ப்ருயாரும் ஏற்கெனவே காட்டியிருந்தார்கள். ஆனால் சின்னக் கெழுக்கள் கொண்ட இயற்கணித எண்கள் ஒன்றோடொன்று அவ்வளவு நெருங்க முடியாது, அவற்றுக்குள் ஒரு குறைந்தபட்ச இடைவெளி உண்டு. இரண்டையும் மோதவிட்டால் முரண். நிகழ்தகவில் கேட்ட கேள்விக்கு இயங்கு அமைப்பின் என்ட்ரோபி வழிகாட்டுகிறது, தீர்ப்புச் சொல்வது எண்களின் இயற்கணிதம்.

ப்ருயாரும் வார்யுவும் சேர்ந்து செய்த இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு பல்லுறுப்புக்கோவையின் முதல் கெழுவையும், அளவில் 1ஐத் தாண்டிய எல்லா மூலங்களையும் பெருக்கினால் வரும் அளவுக்கு மாலர் அளவை என்று பெயர். முழு எண் கெழுக்கள் இருந்தால் இது 1க்குக் கீழே போகாது. 1ஐத் தாண்டிய மிகச் சிறிய மதிப்பு எது? 1933இல் லேமர் பத்தாம் படியில் ஒரு கோவையைக் கண்டுபிடித்தார், அதன் மதிப்பு 1.17628. இன்றுவரை அதைவிடச் சிறியது யாருக்கும் சிக்கவில்லை. 1க்கும் இதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தே தீரும் என்பதுதான் லேமர் ஊகம், இன்னும் நிரூபணம் இல்லை. இதற்கும் நாணயத்துக்கும் என்ன உறவு? மிஞ்சும் தகவல், லாம்டாவை மூலமாகக் கொண்ட மிகச் சிறிய படியுள்ள கோவையின் மாலர் அளவையின் மடக்கையைவிட அதிகமாக இருக்க முடியாது. அதில் 0.44 பங்குக்குக் குறையவும் முடியாது (மடக்கை 1ஐத் தாண்டினால் அதை 1 என்றே கொள்ள வேண்டும்). இவ்வளவுதான் அவர்களின் சமனின்மை. இதை வைத்து ஒரு நிமிடம் யோசியுங்கள். லேமர் ஊகம் சரியென்றால், மிஞ்சும் தகவலுக்கு ஒரு கீழ்வரம்பு கிடைக்கிறது. லாம்டா 1க்கு வெகு பக்கத்தில் இருந்தால், தேவைப்படும் தகவல் அந்த வரம்பைவிடக் குறைவு. ஆக 1க்குப் பக்கத்தில் எல்லா லாம்டாவுக்கும் பரிமாணம் 1. எண்பது ஆண்டுக்கு மேலாக எண் கோட்பாட்டுக்காரர்கள் மோதிக்கொண்டிருக்கும் ஊகமும், நாணயம் சுண்டும் கணக்கும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். இதே என்ட்ரோபிக் கணக்கு, அணிகளின் குலங்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்ற கேள்வியையும் தொடுகிறது.

இப்போது திசையைத் திருப்புகிறேன். இதுவரை நிகழ்தகவுக் கேள்விக்கு இயற்கணிதம் உதவியது. எதிர்த்திசையிலும் நடக்கிறது.

0 அல்லது 1ஐ நாணயம் சுண்டிக் கெழுவாகப் போட்டு, பெரிய படியுள்ள ஒரு பல்லுறுப்புக்கோவை எழுதுங்கள் (மாறிலி உறுப்பு மட்டும் 1 என்று வையுங்கள்). அது காரணிப்படுமா? அநேகமாகப் படாது என்று ஒட்லிஸ்கோவும் பூனனும் 1993இல் ஊகித்தார்கள். 2019இல் வெளிவந்த ப்ருயார்–வார்யு கட்டுரை, ரீமான் கருதுகோளின் (இன்னும் நிரூபிக்கப்படாத புகழ்பெற்ற ஊகம்) விரிவு ஒன்றை நம்பினால் இது சரி என்று நிரூபித்தது. எப்படி? கோவையில் ஓர் எண்ணைப் போட்டு மதிப்பு காணும்போது நீங்கள் பள்ளியில் என்ன செய்வீர்கள்? பெருக்கு, அடுத்த கெழுவைக் கூட்டு, மறுபடி பெருக்கு, கூட்டு. நம் நாணய விதியேதான்! ஆனால் இப்போது ஒரு பகா எண்ணால் வகுத்த மீதியில் நடக்கிறது. இந்தத் தற்செயல் நடை சீக்கிரமே எல்லா மீதிகளிலும் சமமாகக் கலந்துவிட்டால், கோவையின் மதிப்பு சுழியாக வருவதற்கு வாய்ப்பு 'பகா எண்ணில் ஒன்று'. பகா எண் அளவுக்கு மீதிகள் இருப்பதால், சராசரியாக ஒரு மூலம். பல பகா எண்களுக்குச் சராசரி எடுத்தால் மூலங்களின் எண்ணிக்கை காரணிகளின் எண்ணிக்கையைத் தரும் என்பது பழைய எண் கோட்பாடு (ரீமான் கருதுகோள் தேவைப்படுவது இங்கேதான்). சராசரி ஒன்று, ஆக காரணி ஒன்று, ஆக உடையாத கோவை. இதைப் படித்தபோது எழுந்து கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்துதான் மறுபடி உட்கார்ந்தேன்.

அந்த மீதி நடைக்கே ஒரு வரலாறு உண்டு. 1987இல் சங், டயகோனிஸ், கிரஹாம் மூவரும் கேட்டார்கள்: ஒரு வட்டத்தில் பகா எண் அளவுக்கு இடங்கள். ஒவ்வொரு முறையும் −1, 0, 1இல் ஒன்றைத் தற்செயலாகக் கூட்டி நடந்தால், நன்றாகக் கலக்க அந்தப் பகா எண்ணின் வர்க்கம் அளவுக்கு அடிகள் வேண்டும். பத்து லட்சம் இடம் என்றால் லட்சம் கோடி அளவில் அடிகள். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் இருக்கும் எண்ணை இரட்டிப்பாக்கினால்? பெரும்பாலான பகா எண்களுக்கு இருபது இருபத்தைந்து அடிகளில் கலந்துவிடும். இரட்டிப்பாக்குவதில் தற்செயல் துளியும் இல்லை. ஆனாலும் அந்த ஒழுங்கான செயல்தான் தற்செயலுக்கு இவ்வளவு வேகம் கொடுக்கிறது. இயங்கு அமைப்பு நிகழ்தகவுக்கு என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் நான் காட்டும் முதல் எடுத்துக்காட்டு இதுதான்.

ரீமான் கருதுகோளை நம்பாமல் நிரூபிக்க முடியாதா என்பது அடுத்த கேள்வி. பாரி-சொரோக்கரும் கோஸ்மாவும், கெழுக்களை 1 முதல் 210 வரை தற்செயலாக எடுத்தால் முடியும் என்று காட்டினார்கள். 210 எதற்கு? 2, 3, 5, 7 நான்கையும் பெருக்கினால் 210, நான்கு பகா எண்களில் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். பிறகு கூகோலோபுலோஸோடு சேர்ந்து அதை அடுத்தடுத்த 35 எண்கள் இருந்தாலே போதும் என்ற அளவுக்கு இறக்கினார்கள். 0, 1 மட்டும் என்ற மூலக் கேள்வி எந்த நம்பிக்கையும் துணையில்லாமல் இன்னும் நிற்கிறது.

நான் சொன்னது ஒரு மூலைதான். தற்செயலாக எடுத்த அணிகளைப் பெருக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று 1960இல் ஃபர்ஸ்டன்பெர்கும் கெஸ்டனும் தொடங்கிய பாதை இன்னொரு பெரிய மூலை. குலங்களிலும் எண் கோட்பாட்டிலும் நிகழ்தகவையும் இயங்கு அமைப்பையும் கொண்டுவந்ததற்காகவே ஃபர்ஸ்டன்பெர்குக்கும் மார்குலிஸுக்கும் 2020இல் ஏபெல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் மும்பை டாட்டா நிறுவனத்தில் எஸ். ஜி. தானி தொடங்கி ஒரு வலுவான மரபு இந்தப் பக்கத்தில் உண்டு. அதையெல்லாம் எழுதினால் தனிப் பதிலாகிவிடும்.

உங்கள் குழப்பத்துக்கு வருகிறேன். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் பிஎச்.டி. சேர முடியும், விண்ணப்பப் படிவம் அப்படித்தான் இருக்கும். அதில் எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆனால் முதல் ஆண்டில் மூன்று விஷயங்களைக் கை பழகும் அளவுக்குப் படித்துவிடுங்கள்: அளவைக் கோட்பாட்டோடு கூடிய நிகழ்தகவு, எர்கோடிக் கோட்பாட்டில் என்ட்ரோபி வரை, இயற்கணித எண் கோட்பாட்டில் உயரம் (ஓர் எண் எவ்வளவு சிக்கலானது என்பதன் அளவு), மாலர் அளவை வரை. மூன்றாவதைத்தான் நிகழ்தகவுப் பிள்ளைகள் தள்ளிப்போடுகிறார்கள். நானும் தள்ளிப்போட்டேன், பிறகு இரண்டு ஆண்டு கூடுதலாகச் செலவழித்தேன். வழிகாட்டியைத் தேடும்போது அவருடைய துறைப் பெயரைப் பார்க்காதீர்கள், கடைசி ஐந்து கட்டுரைகளில் யார் யாரோடு சேர்ந்து எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். வேறு துறைக்காரர்கள் இருந்தால் நல்ல அடையாளம்.

அதற்கு முன் இன்று இரவே ஒரு வேலை செய்யலாம். பைதானில் பத்து வரி போதும். 40 சுண்டல், பத்து லட்சம் தடவை, வரும் இடங்களை ஒரு செவ்வகப் படமாகப் போடுங்கள். முதலில் லாம்டாவுக்கு 0.618, அப்புறம் 0.7071 (2இன் வர்க்கமூலத்தின் தலைகீழ்), அப்புறம் 2/3. கட்டங்களை மெல்ல மெல்லச் சின்னதாக்கிக்கொண்டே போய், எந்தப் படம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். முதல் இரண்டுக்கும் விடை உங்களுக்குத் தெரியும்: ஒன்றில் தூசி, மற்றதில் அடர்த்தி. மூன்றாவதற்குப் பரிமாணம் 1 என்பது மேலே ஒரு வரியில் பார்த்தோம். ஆனால் அடர்த்தி உண்டா? 2/3 போன்ற ஓர் எளிய பின்னத்துக்குக்கூட இன்னும் நிரூபணம் கிடையாது.

2/3இன் தலைகீழ் 3/2. அதன் அடுக்குகளையும் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்: ஐந்தாவது 7.594, பத்தாவது 57.665, பதினைந்தாவது 437.894, இருபதாவது 3325.257. பொன் விகிதத்தைப் போல முழு எண்ணை ஒட்டவில்லை, எங்கெங்கோ திரிகிறது. இந்தப் பின்னப் பகுதிகள் முடிவில்லாமல் பல புள்ளிகளைச் சுற்றிக் குவிகின்றன என்று 1940களின் வாக்கில் நிரூபித்தவர் அதே விஜயராகவன். 0க்கும் 1க்கும் நடுவில் எல்லா இடத்துக்கும் வேண்டிய அளவு பக்கத்தில் அவை போய்விடுமா என்பது அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.